தும்மலுக்குப் பதில் சொன்ன குரல்

தில்லையடி,
புத்தளம்.
வியாழன், மஃரிபுக்குப் பிறகு.

அன்புள்ள இப்ஹாம் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இது உம்மாவின் கடிதம், எழுதுகிற கை மட்டும் உங்கள் தங்கச்சி நுஸ்ராவுடையது. தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், நடந்ததை நடந்தபடி உண்மையாகவே எழுதப்போகிறேன், உம்மா சொல்வதில் எதையும் கூட்டமாட்டேன், "அத எழுதாத" என்று சொன்னாலும் குறைக்கமாட்டேன். "அப்ப நான் யோசிச்சுத்தான் கதைக்கோணும்" என்கிறார் உம்மா, அதையும் எழுதிவிட்டேன். இங்கே உம்மா, வாப்பா, நான் மூன்று பேரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்று எழுதத்தான் பேனையை வைத்தேன், உம்மா கையைப் பிடித்துவிட்டார். "நம்பத் தேவல்ல, அவனுக்கு மூக்கொழுகுது, தடிமன் பிடிச்சிரிக்கி, எனக்குத் தெரியும்" என்கிறார். எட்டாத தூரத்தில் இங்கிலாந்தில் இருக்கிற உங்கள் தடிமன் தில்லையடியில் இருக்கிற உம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

போனில் கதைக்கலாமே, ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். கலியாணக் கதையை எடுத்ததும் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது நானா. "நெத்தலி என்ன வில என்டு கேட்டா நல்லாக் கேக்குது, மதுரங்குளிச் சம்பந்தம் என்டு வாயெடுத்தா மட்டும் சிக்னல் போகுது" என்று உம்மா சொல்கிறார். குடும்பக் குழுவில் எழுதினால் லெய்லா மாமி முதல் கல்பிட்டிச் சாச்சா வரை வாசித்துவிட்டு ஆளுக்கொரு சிரிப்புப் படம் போடுவார்கள். கடிதம் என்றால் இடையில் வெட்ட முடியாது. நஸீர் மாமா நாளை உங்கள் ஊருக்குத் திரும்புகிறார், அவருடைய பெட்டியில் இது வருகிறது, கூடவே நெத்தலிச் சம்பலும் வருகிறது. கருவாட்டைக் கொண்டுபோக அவர் அடியோடு மறுத்துவிட்டார். போன முறை அவர் குளிருக்குப் போடும் கோட்டைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்ததில், அங்கே பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் எழும்பி நின்றே பயணம் செய்தாராம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். உங்கள் பல்கலைக்கழகம் புதன்கிழமைகளில் ஊராருக்கு இலவசமாக நடத்தும் விரிவுரைகளின் ஒளிப்பதிவுகளை, என் ஆங்கிலம் திருந்தட்டும் என்று நீங்கள்தானே அனுப்பினீர்கள். நானும் கூடத்து மேசையில் சீனி டின்னில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்கத் தொடங்கினேன். ஒரு கிழமை வான்வெளி, மறு கிழமை பழைய ஓவியம், பிறகு பாலம் கட்டுவது, பிறகு தேனீ என்று எதுவும் எதோடும் ஒட்டாமல் வந்தது எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தின் மணி அடித்ததும் மற்றப் பாடம் கதவடியில் நிற்கும், இங்கே ஒன்றைக் கேட்டுவிட்டு ஒரு கிழமை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கலாம். உம்மா முதலில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டு "என்ன சொல்றார்" என்று மட்டும் கேட்பார், நான் தமிழில் சொல்வேன். பிறகு அவருக்கு என் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்துவிட்டது. "அந்த மனிசன் இவ்வளவு நேரம் கதைச்சார், நீ ஒரு வசனம் சொல்றாய், மிச்சத்த நீ தின்னுட்டியா" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் சில சொற்கள் எனக்கே விளங்கவில்லை, அந்த இடங்களில் "இது முக்கியமில்ல உம்மா" என்று சொல்லியிருக்கிறேன். நிலா வருசத்துக்கு வருசம் நகம் வளருகிற அளவு நம்மை விட்டு விலகிப் போகிறது என்று ஒருவர் விளக்கியபோது நான் கவலைப்பட்டேன், உம்மா கவலைப்படவில்லை. "போனாப் போகட்டும், பெருநாள் பிறை தெரிஞ்சாக் காணும்" என்றார். வாப்பாவும் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட ஆரம்பித்தார். பாலத்தைப் பற்றிய விரிவுரை முடிந்ததும், மழை வந்தால் தண்ணீருக்குள் மறைந்துவிடுகிற எங்கள் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தைப் பற்றி அந்தப் பேராசிரியரிடம் நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார் வாப்பா. பேராசிரியர் சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு நின்ற நேரம் மதிலுக்கு வெளியே ஒரு கழுதை நீட்டிக் கத்தியது, "இந்தா, புத்தளத்தால பதில் போகுது" என்று வாப்பா சொல்ல, உம்மா சிரித்ததில் ஆய்ந்த கறிவேப்பிலை எல்லாம் கொட்டுப்பட்டது.

தேனீ விரிவுரையில்தான் அது நடந்தது. தேனீ கூட்டுக்குத் திரும்பி வந்து, பூ எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மற்றத் தேனீக்களுக்கு ஆடிக்காட்டும் என்று விரிவுரையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். உம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று போனுக்குள் யாரோ தும்மினார்கள், ஒரு தும்மலை மறு தும்மல் துரத்திக்கொண்டு வந்தது, கடைசியில் மெல்லிய குரலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கேட்டது. உம்மா உள்ளியிலிருந்து தலையைத் தூக்காமல், நீங்கள் பக்கத்து அறையில் இருப்பது போல, "யர்ஹமுகல்லாஹ்" என்றார். அதே நேரம் இன்னொரு குரலும் "யர்ஹமுகல்லாஹ்" என்றது. உம்மா என்னைப் பார்த்தார், "நீயா சொன்ன" என்று கேட்டார். நான் இல்லை. வாப்பாவும் இல்லை. அது பெண் குரல், போனுக்குள்ளிருந்து வந்தது. உம்மா உள்ளிக் கையாலேயே போனைத் தடவிப் பதிவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் மறுபடியும் கேட்டார், என் போனில் இன்றைக்கும் உள்ளி மணக்கிறது. தும்மியது நீங்கள்தான் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமில்லை, இந்தத் தெருவில் உங்கள் தும்மலைத் தெரியாதவர்கள் இல்லை. சொன்னது யார் என்பதுதான் கேள்வி. வாப்பா சமாதானம் சொன்னார், "தும்மினவன் அல்லாஹ்வப் புகழ்ந்தா, கேட்ட முஸ்லிம் அவனுக்கு துஆ செய்யிறது கடமதானே, ஹோல்ல ஒரு முஸ்லிம் புள்ள இருந்திரிக்கும், சொல்லிரிக்கும்" என்றார். "கடமைக்குச் சொல்றவ இப்படிச் சிரிப்ப அடக்கிக்கிட்டா சொல்லுவா" என்று உம்மா கேட்டார். வாப்பா எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பழைய பதிவுகள் எல்லாம் திரும்ப ஓடின. தும்மல் வருகிற இடத்துக்கு நேரே போவோம் என்று நான் சொன்னால் உம்மா விடுவதில்லை, "இரி, அந்த நீலக் கல்லுட கத முடியட்டும்" என்பார். பழைய ஓவியக்காரர்கள் நீல நிறத்துக்காக ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து ஒரு கல்லைத் தருவித்து அரைத்தார்களாம், அது பொன்னைவிட விலையாம். "அப்ப அந்தக் கல்லு எங்கட யாவாரிமார்ட கையாலதான் போயிரிக்கும்" என்று உம்மா பெருமைப்பட்டார். அந்த விரிவுரையிலும் நீங்கள் தும்மினீர்கள், அதே குரல் பதில் சொன்னது, சொல்லிவிட்டு மெதுவாக இன்னும் ஒன்று சொன்னது. "இந்தாங்க, லேஞ்சி." நானா, உம்மா எழும்பி நின்றுவிட்டார். "கைக்குட்டைய வெள்ளக்காரி லேஞ்சி என்பாளா, பாகிஸ்தான்காரி என்பாளா, லேஞ்சி என்டா அது எங்கட ஊர்ப் பக்கத்துப் புள்ளதான்" என்றார். வாப்பா தலையை ஆட்டினார், இந்த முறை தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

உம்மா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், முதல் நாள் இருந்தார், பிறகு இல்லை. அவருக்கு இருந்தது வேறு பயம். லெய்லா மாமி கொண்டுவந்த மதுரங்குளிச் சம்பந்தத்தை நீங்கள் மறுக்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை, "உங்கட விருப்பம் உம்மா" என்று சொல்லிவிட்டு சிக்னலுக்குள் ஒளிந்துகொண்டீர்கள். அவர்கள் அடுத்த வெள்ளி பேச்சை முடிக்க வருவதாக இருந்தது. அந்தப் பிள்ளை ஆசிரியை, நல்ல பிள்ளை, ஒரு குறை சொல்ல ஏலாது. உம்மா சொல்லச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "மகன், என்ட விருப்பம் என்டு சொல்லி நீ தலையாட்டிட்டு இங்க வந்து நின்டா, மதுரங்குளிப் புள்ளக்கும் அநியாயம், லேஞ்சி தந்த புள்ளக்கும் அநியாயம், உனக்கும் நான் அநியாயம் செஞ்சவளாப் போவேன். ஒரு பூச்சி கூட, எங்க போனேன், என்ன கண்டேன் என்டு வீட்டுக்கு வந்து ஆடிக்காட்டுது. நீ ஆடவும் வேணாம், வாயத் தொறந்து சொல்லு. ஓம் என்டா ஓம், இல்ல என்டா இல்ல. உங்கட விருப்பம் என்டு மட்டும் சொல்லாத."

இவ்வளவும் நேற்றே எழுதியிருக்கலாம். ஆனால் நேற்றைய விரிவுரை இன்று வந்துவிடும், இன்னொரு முறை அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எழுதுவோம் என்று உம்மா சொன்னார். இன்று அசருக்குப் பிறகு மூவரும் இருந்தோம், தலைப்பு கடலின் வற்றும் பெருக்கும். நல்ல விரிவுரை, கடலோடு ஒட்டிய எங்கள் களப்பில் தண்ணீர் ஏன் அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை என்று இப்போது எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. கேள்வி நேரம் தொடங்கியதும் நீங்கள் தும்மினீர்கள். அல்ஹம்துலில்லாஹ் என்றீர்கள். உம்மா கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். யாருமே பதில் சொல்லவில்லை. பின்னுக்குத் தள்ளிக் கேட்டோம், சத்தத்தைக் கூட்டிக் கேட்டோம், இருமல் இருந்தது, கதிரை கிரீச்சிட்டது, அந்தக் குரல் இல்லை. நானா, உம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே ஒருமாதிரியாகிவிட்டது. "ஏன் அந்தப் புள்ள வரல்ல, சுகமில்லயா, இவன் என்னமும் சொல்லிட்டானா, மதுரங்குளிக் கத அவளுக்குப் போயிட்டா" என்று வரிசையாகக் கேட்டார். முகம் தெரியாத ஒருத்திக்காக இப்படிக் கவலைப்படுகிறீர்களே என்று வாப்பா பகிடி பண்ணினார். "முகம்தான் தெரியா, என்ட புள்ள தும்முற நேரம் நான் இல்லாத இடத்தில அவ துஆ செஞ்சவ" என்று உம்மா சொன்னார், வாப்பாவின் பகிடி அத்தோடு நின்றது.

பிறகு உம்மா தானே லெய்லா மாமிக்குப் போன் எடுத்தார். மகனின் வாயால் ஒரு வார்த்தை வரும்வரை மதுரங்குளி ஆட்களைக் கூட்டி வர வேண்டாம், அந்தப் பிள்ளையைக் காத்திருக்க வைப்பதும் சரியில்லை, வேறு இடம் வந்தால் அவர்கள் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். "ஏன், தம்பிட வாய்க்கு என்ன நடந்த" என்று மாமி கேட்டிருக்கிறார். "வாய்க்கு ஒன்டுமில்ல லெய்லா, மூக்குதான் சரியில்ல" என்று உம்மா சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாமி இப்போது உங்களுக்குப் பீனிசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

உம்மாவின் மற்றப் புத்திமதிகள்: ஈரத் தலையோடு வெளியே போக வேண்டாம், கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், சம்பல் போத்தலை ஒரேயடியாக முடித்துவிட வேண்டாம், அதில் பாதியைக் கொடுக்க வேண்டிய ஆளுக்குக் கொடுங்கள். சண்டை பிடித்திருந்தால் முதலில் நீங்கள் போய்க் கதையுங்கள். இது கைக்குக் கிடைத்த அன்றே போன் எடுக்க வேண்டும், வாப்பா பக்கத்தில் இருப்பார் என்று வெட்கப்பட வேண்டாம், அவரைக் கடைக்கு அனுப்பிவிடுவாராம். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உம்மா உங்கள் பெயரைச் சொல்லி துஆக் கேட்கிறார், இப்போது கொஞ்ச நாளாக "அந்தப் புள்ளக்கும்" என்று சேர்த்துக்கொள்கிறார். பெயர் தெரியாமல் கேட்பது அவருக்குச் சங்கடமாக இருக்கிறதாம், பெயரை அனுப்பிவையுங்கள். அல்லாஹ் உங்கள் இருவரையும் சுகத்தோடும் நேர்மையோடும் வைப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமில்லாத உம்மா
(எழுதியது நுஸ்ரா)

கையெழுத்து வைத்த பிறகும் எழுத வேண்டியதாகிவிட்டது. கடிதத்தை மடிக்கும் நேரம், "அந்தக் கடல்ட கத முடியல்லயே, மிச்சத்தையும் போடு" என்று உம்மா சொன்னார், போட்டேன். மற்றப் பதிவுகள் கைதட்டலோடு நின்றுவிடும், இதை யாரோ நிறுத்த மறந்துவிட்டார்கள். சனம் எழும்பிப் போகப் போக, பின்பக்கத்திலிருந்து மண்டபம் முழுவதும் தெரிந்தது. நடுவில் ஒரு தலை எழும்பாமல் இருந்தது. இரண்டு காதையும் பார்த்ததும் வாப்பா, "அது என்ட காது" என்றார். பக்கத்துக் கதிரையில் உங்கள் கோட்டை வைத்து இடம் பிடித்திருந்தீர்கள் நானா, எல்லாரும் போன பிறகும் அதை எடுக்கவில்லை. அப்போது பின்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, முக்காடு போட்ட ஒரு பெண் நனைந்த குடையோடு மூச்சு வாங்க ஓடிவந்து நின்றார். நீங்கள் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. கோட்டை எடுத்துவிட்டு அவரை இருக்கச் சொன்னீர்கள், விரிவுரைதான் முடிந்துவிட்டதே, அவரும் இருந்தார். வாப்பா கண்ணாடியைத் தேடினார். உம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இங்கால திரும்பு புள்ள, ஒருக்கா இங்கால திரும்பு" என்று கெஞ்சினார். அந்தப் பெண் எதற்கோ சிரித்துக்கொண்டு திரும்பத் தொடங்கினார், அதற்குள் மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.