அந்தக் காரை ஓட்டியது நீதான்

அன்பு சித்ராக்கா,

உனக்கு நடந்த அநியாயத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வயிறு எரிகிறது.

நீ போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கண்ணை மூடினாய். விசாரிப்பவர்கள் இன்னும் "ரேஸ்லயா?" என்றுதான் கேட்கிறார்கள். பந்தயக் கார் ஓட்டிய பெண் மோதித்தான் சாக வேண்டுமா? இப்போது நடந்திருப்பது அதைவிடக் கேவலம்.

அடையாறில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் பழைய பந்தயக் கார்க் கண்காட்சி. தீவுத்திடல் பக்கம் ஊர்ச் சாலையிலேயே ஃபார்முலா ஃபோர் கார்கள் ஓடினாலும் ஓடின, எல்லோருக்கும் திடீரென்று வரலாற்று ஆசை வந்துவிட்டது. சோழவரம் விமான ஓடுதளத்தில், வீட்டுப் பட்டறையில் செய்த ஒற்றை இருக்கைக் கார்கள் சீறிய காலத்துப் படங்கள் ஒரு பக்கம். அடுத்து இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வந்த காலம். குடும்பக் காரின் சின்ன எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்து, நாலு சக்கரமும் வெளியே தெரிய, பெரிய ஃபார்முலா கனவுள்ளவர்கள் முதலில் ஏறிய குட்டிக் கார்கள். அவற்றின் நடுவே உன் நீலக் கார். ஓடிப்போய்த் தொட்டேன்.

பலகையில் "ஓட்டியவர்" என்று உன் டீம் முதலாளியின் பெயர்! காரை வாங்கிக் கொடுத்தார், சரி. ஒரு சுற்றாவது ஓட்டினாரா? பக்கத்தில் ரேஸ் உடுப்பில், ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு நீ நிற்கும் படம். அதன் கீழே "குடும்ப நண்பர்" என்று போட்டிருக்கிறார்கள். குடும்ப நண்பர் எதற்கக்கா ஹெல்மெட்டோடு நிற்கிறார்?

அந்த முதலாளிப் பெரியவரும் வந்திருந்தார். கண்காட்சியை நடத்தும் அவர் மகன், போட்டோவுக்காக அவரைக் காருக்குள் உட்காரவைக்கப் பார்த்தார். உடம்பு இடுப்போடு சிக்கிக்கொண்டது, உள்ளே இறங்கவில்லை. எப்படி இறங்கும்? அந்தக் காரின் சீட் என்ன கடையில் வாங்கியதா? அசோக் நகர் ஷெட்டில் மெக்கானிக் மூர்த்தி பெரிய பிளாஸ்டிக் பைக்குள் நுரைக் கலவையை ஊற்றி, அதன்மேல் உன்னை உட்காரவைத்தானே! "யக்கா, மூச்சு மட்டும் வுடு, ஆடாத!" என்று கத்தினான். நுரை பொங்கிச் சூடேறி, உன் முதுகுக்கு அச்சாக இறுகியது. நீ சிரித்துத் தொலைத்ததால் முதல் சீட் வீணாகி, மறுபடி ஊற்றினார்கள்.

"சீட் ராங்கா இருக்கு, தூக்கிப் போடுப்பா" என்றார் மகன். புல்லில் எறிந்தார்கள், அக்கா.

நான் எடுத்துக்கொண்டேன். பலகையை மாற்றச் சொன்னேன். "லேடீஸ் ஓட்டினாங்கன்னு போட்டா யார் சார் நம்புவாங்க? பாத்துக்கலாம்" என்றார் மகன். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாதா? உன் கோப்பைகளை வாங்க உனக்கு முன்னால் மேடையேறியவர்தானே!

சீட்டை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இன்னாடா இது, குப்பைய வூட்டுக்குள்ள கொண்டாந்துகினு?" என்று அம்மா திட்டினாள். நீ பந்தயத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் பூஜையறைக் கதவைச் சாத்திக்கொண்டவள் அல்லவா? நடந்ததைச் சொன்னேன். கிட்டே வந்து, முதுகுப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். இடது தோள் பக்கம் கை நின்றது.

"இந்தத் தோளு அவளுக்கு எறங்கியேதான்டா இருக்கும். ஸ்கூல் பையி நிக்காது."

அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. "எம் பொண்ண இன்னான்னு எழுதிக்கீறானுங்க? என்னைக் கூட்டினு போ. நான் கேக்குறேன்."

கண்காட்சி இந்த ஞாயிறுவரை இருக்கிறது. சீட்டோடு போகிறோம். உன் பெயரை எழுதும்வரை அங்கிருந்து நகர மாட்டோம், இது சத்தியம். நீ எத்தனை கெஞ்சியும் வராத அம்மா, உன் காரைப் பார்க்க வருகிறாள்.

கோபம் ஆறாத,
உன் தம்பி பாபு