பிடுங்கி வச்ச நாற்பத்தொரு ஒயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், மனசு பத்திக் கீழே வருது. நீ சுகமா இருக்கணும், இதைப் படிச்சு முடிச்ச பிறகும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் அறைச் சுவர் ஈரம் பூத்துக் கிடந்ததால பெயிண்டரை வரச் சொன்னோம், நீ பாட்டுக்குச் சத்தம் உண்டாக்குற சிந்தசைசர் பெட்டி மேல பெயிண்ட் தெறிக்கக் கூடாதேன்னு போர்வை போடப் போனேன், முன்னாடி முழுக்க ஒயர் தொங்குது, போர்வை நிக்கல. நீ தொடாதீங்கன்னு சொன்னது கரண்ட் அடிக்கும்னுதான்னு நெனச்சு, பெரிய புத்திசாலி மாதிரி பிளக்கைக் கழட்டினேன். அப்புறம் என்ன, முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டு முன்னாடி உக்காந்த கை, பேச்சு முடிஞ்சா ஒயரைப் பிடுங்கிப் பழகின கை, இங்கேதான் யாரும் பேசலையேன்னு நாற்பத்தொரு ஒயரையும் பிடுங்கி, நிறம் பிரிச்சுச் சுருட்டி, பிஸ்கட் டப்பாவுல அடுக்கிடுச்சு. குமிழ் எல்லாத்தையும் துடைச்சு சைபர்ல வச்சேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை வேற.

நேத்துக் காலைல உன் சினேகிதன், அந்த நெட்டைப் பையன், மைக்கும் கையுமா வந்தான், உங்க ஆல்பத்தோட கடைசிப் பாட்டுக்கு நீ தயார் பண்ணி வச்ச சத்தத்தைப் பதிவு பண்ணணும்னு. உள்ளே போனவனைக் காணோம். எட்டிப் பாத்தா தரையில உக்காந்திருக்கான். அப்பா, ஒயரெல்லாம் எங்கேன்னான். டப்பாவைத் திறந்து, எப்படி அடுக்கியிருக்கேன் பாருன்னேன். இதுக்கு ஞாபகசக்தி கிடையாதுப்பா, ஒயர் சொருகின விதம்தான் சத்தமே, எட்டு மாசமா உங்க பொண்ணு தேடிப் பிடிச்ச சத்தம், போட்டோ இருந்தாக்கூட குமிழ் மயிரிழை நகந்தா வேற சத்தம்ப்பான்னான். டப்பாவை மூடி மடியில வச்சுக்கிட்டேன்ம்மா. நீங்கல்லாம் ஒரு மனுஷனான்னு கேட்ட அம்மாவும் அவன் பக்கத்துலயே தரையில உக்காந்துட்டா. சாயங்காலம் வரைக்கும் மூணு பேரும் சொருகிச் சொருகிப் பாத்தோம், மஞ்சள் மேலேன்னு அம்மா, கீழேன்னு நான். எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒண்ணு கத்துச்சு, உன்னுது வரல.

கரண்டுல ஏதோ ஆயிடுச்சுன்னு எழுதிடுங்கன்னு அம்மா யோசனை சொன்னா, மனசு ஒப்பல. துருப்பிடிச்ச பெட்டியை வாங்கி வந்து, ரெண்டு வருஷம் ஈயம் பத்தவச்சுப் பத்தவச்சுக் கையைச் சுட்டுக்கிட்டயே, அப்பல்லாம் எப்பதான் இதை முடிப்பியோன்னு கேட்டு உன் உயிரை எடுத்தவன் நான். அது முடிஞ்சுதான் இருந்திருக்கு. பிரிச்சுப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது.

போன்ல கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டு, பேசாம மட்டும் இருந்துடாதே. உன் சத்தம் உன் கைக்கே திரும்பி வரட்டும், நூறு வருஷம் நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு. உன் அறையைப் பூட்டிட்டேன், சாவி இந்தக் கவர்லயே இருக்கு, வேற சாவி கிடையாது. வரும்போது மறக்காம எடுத்துட்டு வா.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் அப்பா