முத்திரை விழாத மூட்டை

மரக்காணம்
21.8.2005

மருமகன் ஜமீலுக்கு, மாமா முஹம்மது யூசுப் சலாம் சொல்லி எழுதுவது.

உன் குழந்தை ஜுவைரியாவுக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. சென்னை டாக்டரம்மா நேற்று சொன்னார். மருந்து இல்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கோல்கி என்று ஓர் இடம் இருக்கிறதாம். செல் தயாரிக்கிற புரதமெல்லாம் அங்கே வந்து, செப்பமாகி, முத்திரை வாங்கி, இன்னது இன்ன இடத்துக்கு என்று பிரிந்து போகுமாம். அப்ப நம்ம உப்பு குடோன் மாதிரிதானேம்மா என்றேன். அப்படியே வெச்சுக்குங்க என்று சிரித்தார்.

நீ வெளிநாடு போகுமுன் ஊரில் இருந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கும். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போகவேண்டிய நாற்பது மூட்டைக்குக் கன்னியப்பன் மை குத்த மறந்துவிட்டான். குறி இல்லாத மூட்டை சென்னை லாரிக்கு என்பது நம் வழக்கம், ஏற்றி அனுப்பிவிட்டார்கள். உப்பு நல்ல உப்புதான். ஆனால் ராணிப்பேட்டையில் உப்பில்லாமல் தோல் அழுகி, ஷாப்காரன் போனில் என் காதைக் கிழித்தான். ஜுவைரியாவுக்கும் அதுதான். செல்லுக்குள் கழிவைக் கரைக்கிற அறை ஒன்று உண்டு. அங்கே போகவேண்டிய சரக்குக்கு முத்திரை விழவில்லை. எல்லாம் வெளியே ரத்தத்துக்குப் போய்விடுகிறது. உள்ளே கழிவு சேர்கிறது.

ரத்தத்தில் இருப்பதைத் திருப்பி உள்ளே அனுப்ப முடியாதா என்று கேட்டேன். முத்திரை இல்லாததை எந்த வாசல்லயும் சேர்க்க மாட்டாங்க ஐயா என்றார்.

ஒன்றரை வயதாகியும் உட்காரவில்லை. விரல்கள் மடங்கி விறைத்திருக்கின்றன. மூச்சு இரைக்கிறது. பள்ளிக்கூட வயதைத் தாண்டுவது கஷ்டமாம். ஆனால் நம் விரலை உள்ளங்கையில் வைத்தால் பிடித்துக்கொள்கிறாள். விடுவதில்லை.

உன் அம்மா ஆரிஃபா, என் மகள் ஷஹானா வயிற்றில்தான் கோளாறு என்று தெருவெல்லாம் சொல்கிறாள். நீயும் அவளிடம் விவாகரத்து கேட்டாய். யார் பக்கத்துத் தப்பு என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். அப்பாவிடமிருந்து ஒரு குறை, அம்மாவிடமிருந்து ஒரு குறை, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய் வருமாம். சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு அதிகமாம். அநேகமாக எங்கள் அப்பா அம்மாவிடமிருந்து ஆரிஃபா வழியாக உனக்கும், என் வழியாக ஷஹானாவுக்கும் வந்திருக்கும். படிக்கப் போறேன்ப்பா, கல்யாணம் வேணாம் என்று அவள் ஒருதரம் சொன்னாள். குடோன் வெளியாள் கைக்குப் போகக் கூடாது என்று தங்கை மகனுக்கே கட்டி வைத்தது நான்தான்.

உங்களுக்கு அடுத்த பிள்ளை பிறந்தாலும் நாலில் ஒரு பங்கு பயம் உண்டு. குறையை மறைத்து எதையும் நான் கைமாற்றியதில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். ஷஹானா சொல்வது இதுதான்: பெருநாளுக்கு முன்னால் நீ வரவேண்டும். நாற்பது நாள் தங்கி, பிள்ளையை உன் கையால் குளிப்பாட்டி, தோளில் போட்டுத் தூங்க வைக்கவேண்டும். நாற்பத்தோராம் நாள் நீ நீட்டுகிற காகிதத்தில் அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவாள். நானும் ஜமாத்தில் வாய் திறக்க மாட்டேன். இதற்கு ஆரிஃபா ஒப்புக்கொண்டாள். நானும் ஒப்புக்கொண்டேன்.

உன் மாமா,
முஹம்மது யூசுப்