யாரும் நடுங்காத அறை

செப்டம்பர் 2, செவ்வாய்

கண்டக்டரின் கழுத்தில் இன்று இரண்டு காலர்கள் இருந்தன.

மேலே தெரிந்தது கிளினிக் கொடுத்த மெல்லிய வெள்ளைச் சட்டையின் காலர். அதற்கடியில் பழுப்பு நிறத்தில் இன்னொன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பிறகு இரண்டு பேருமே சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தோம்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் என் வேலை. கண்டக்டர், டெய்லர், டைப்பிஸ்ட் அம்மா என்று மூன்று பெரியவர்கள் தினமும் காலையில் வந்து பத்தொன்பது டிகிரி அறையில் உட்காருகிறார்கள். அந்த ஒற்றைச் சட்டைக்கு மேல் எதுவும் போடக் கூடாது. போட்டிருந்தால் நான் கழற்றச் சொல்ல வேண்டும். யாராவது நடுங்கினால் உடனே வெளியே அழைத்து வர வேண்டும். இவ்வளவுதான்.

"கழற்றுங்க ஐயா." சின்னச் சொல்தான். தொண்டை வரை வந்தது, அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

செப்டம்பர் 3, புதன்

அம்மா கேட்டாள்: "சும்மா குளிர்ல உக்கார வைக்கிறதுக்கா ஒரு கிளினிக்கு? எங்க ஹோட்டல் சலவைக்கூடத்துல வேர்த்து ஊத்துது. அங்க வந்து உக்காரச் சொல்லேன், உங்க டாக்டரை."

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். நம் உடம்பில் ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறதாம். லேசாகக் குளிர்ந்தால் அது அடுப்பு மாதிரி எரிந்து உடம்பைச் சூடாக்கும். எரிவதற்குச் சர்க்கரையையும் எடுத்துக்கொள்ளும். வயதானவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்று சரியாகத் தெரியவில்லை, அதைத்தான் பார்க்கிறார்கள். லேசான குளிர்தான் வேண்டும். நடுங்கினால் அது அதிகம்.

அம்மா என்னையே பார்த்தாள். "ஏன்டி, இவ்ளோ பேசுவியா நீ? பள்ளிக்கூடத்துல எந்திரிச்சு பாடம் படிக்கச் சொன்னப்ப இதுல கால்வாசி பேசியிருக்கலாம்ல?"

போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

கண்டக்டருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. மாத்திரைக்கு அடங்கவில்லை. டாக்டரம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம் ஐயா. இறங்கலேன்னா ஊசிதான். தினமும் வீட்லயே போட்டுக்கணும்."

அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தபோதே மயங்கி விழுந்து, சிஸ்டரின் காலை நசுக்கியவர் அவர்.

"முப்பது வருஷம் பஸ்ல தொங்கிட்டுப் போனவன் நான். கத்தி காட்டுனவனையே பாதி வழியில இறக்கி விட்டிருக்கேன். ஆனா இந்த ஊசி... அது கண்ணு முன்னாடி வந்தாலே என் முழங்கால் ரெண்டும் லீவு போட்டுடுது."

"அப்ப இங்க ஒழுங்கா உக்காருங்க" என்றார் டாக்டரம்மா.

"உக்கார்றேனே!" என்றார் கண்டக்டர், இரண்டு காலர்களோடு.

ஊசி வேண்டாம் என்றால் எதற்கு இரண்டு சட்டை? குளிர் பொறுக்க முடியவில்லையா? நான் வாயைத் திறந்தால் அவரை அறையிலிருந்தே அனுப்பிவிடுவார்களோ? திறக்காவிட்டால் ஊசி. நல்ல வேலையில் மாட்டினேன்.

டெய்லர் இன்று மூன்று பேருடைய கிளினிக் சட்டைகளையும் வீட்டுக்கு எடுத்துப்போனார். பட்டன்கள் ஆடுகின்றனவாம். திங்கட்கிழமை கொண்டு வந்துவிடுவாராம். நல்ல மனிதர்.

செப்டம்பர் 8, திங்கள்

டைப்பிஸ்ட் அம்மாவின் வயிறு 'களக்' என்றது.

மூன்று பேரில் அவர்தான் மூத்தவர். நேராக உட்காருவார், நேராகப் பார்ப்பார். தாளை மடித்து வைத்த மாதிரி இருப்பவர். இன்று சட்டைக்குள் வயிறு மட்டும் உருண்டையாக இருந்தது. திரும்பினார், மறுபடியும் 'களக்'. வெந்நீர்ப் பை!

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "என்ன பாக்கிற? மாசமா இருக்கேன்னு வெச்சுக்கோயேன்."

டெய்லர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "எழுபத்து மூணு வயசுலயா? பேப்பர்ல போடுவாங்க!"

"எந்தப் பேப்பர்ல வந்தாலும் பிழை இல்லாம அடிக்கச் சொல்லுங்க."

கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற, தந்தி?" எனக்கு அவர் வைத்த பெயர் அது. ஒரு வார்த்தை கூடப் போனால் காசு அதிகமாகும் என்று பயப்படுகிறேனாம்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா? எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

டாக்டரம்மாவுக்கு ஒரே குழப்பம். "குளிருதா?" என்று கேட்டார். "சுகமா இருக்கு" என்றார்கள் மூன்று பேரும், பஜனை மாதிரி ஒரே குரலில். "இந்த வயசுல இவ்ளோ தாங்குறாங்களே" என்று பதினேழு டிகிரிக்கு இறக்கிவிட்டார்.

நான் ஸ்வெட்டரும் சால்வையும் போட்டுக்கொண்டு மூலையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஒற்றைச் சட்டையில் தேர்தலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கண்டக்டருக்கு வியர்த்தது.

பதினேழு டிகிரியில், நெற்றியில் முத்து முத்தாக! ஒரு சொட்டு மூக்கு நுனியில் வந்து தொங்கியது. அதே நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா, வேர்க்குதா உங்களுக்கு?"

"லேசா."

டாக்டரம்மாவின் கண்கள் பெரிதாகிவிட்டன. உள்ளே அடுப்பு எப்படி எரிகிறது பாருங்கள் என்று சிஸ்டரிடம் சொன்னார். பெரிய டாக்டரைக் கூட்டி வந்து காட்டப் போகிறாராம். இப்படி ஒரு உடம்பை அவர் பார்த்ததே இல்லையாம்.

நானும்தான் பார்த்ததில்லை.

சாயங்காலம் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதிசய உடம்பில் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது.

செப்டம்பர் 17, புதன்

சட்டைகள் காயவில்லை.

வாரம் இரண்டு முறை நான்தான் மெஷினில் போட்டுத் துவைத்துக் கிளினிக்கின் பின்பக்கம் உலர்த்துவேன். முன்பெல்லாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். இப்போது காலையில் போட்டது சாயங்காலமும் சொதசொதவென்று தொங்குகிறது. கொடியே நடுவில் வளைந்துவிட்டது. ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பினேன்.

உள்ளே முழுக்கக் கம்பளித் துணி! முதுகு, மார்பு, கைக்குள் வரைக்கும். வெளியில் ஒரு தையல்கூடத் தெரியவில்லை. என்ன கைவேலை! அந்த நேரத்திலும் ஒரு நிமிடம் நின்று ரசித்தேன் என்றால் பார்த்துக்கொள்.

பட்டன் ஆடுகிறதாமே. நல்ல மனிதராமே!

கோபம் வந்தது. இவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? இந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள், இவள் முன்னால் கட்டிலையே தூக்கிக்கொண்டு வந்தாலும் கேட்க மாட்டாள் என்றா?

(கேட்டிருக்க மாட்டேன்தான்.)

செப்டம்பர் 18, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மூன்று பேரும் வந்ததும் சட்டையைக் கொடுக்கவில்லை. ஒன்றை உள்பக்கம் வெளியே தெரிய விரித்து, தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டைப்பிஸ்ட் அம்மா டெய்லரைப் பார்த்தார். டெய்லர் கூரையைப் பார்த்தார்.

கண்டக்டர்தான் பேசினார், மெதுவாக: "நீ ஒண்ணும் பயப்படாத பாப்பா. நாங்க யாரும் நடுங்க மாட்டோம். உன் வேலை போகாது."

என் வேலையா?

"அன்னிக்கு நான் ஒருத்தன் நடுங்கித் தொலைச்சேன்ல" என்றார் டெய்லர். "அதுக்கு அந்த சிஸ்டர் உன்னை அந்தக் கத்து கத்துச்சு. 'இன்னொரு தடவை யாராவது நடுங்கினா நீ வீட்டுக்குப் போயிடு'ன்னு. நீ அங்க கை கழுவற எடத்துல நின்னு அழுத. நாங்க மூணு பேரும் பாத்தோம்."

"அதான் பேசி முடிவு பண்ணோம்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "இனிமே ஒருத்தரும் நடுங்கறதில்லன்னு."

போன மாதம் நடந்தது அது. ஏசியில் டிகிரி தானாகவே குறைந்துபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. சிஸ்டர் கத்தியது அதற்காக. நடுங்குவதை நான் பார்க்காமல் விடக் கூடாது என்பதற்காக. அவர்கள் நடுங்கவே கூடாது என்று யார் சொன்னது?

அதாவது, இத்தனை நாளாக எனக்காக வியர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை அறையிலிருந்து அனுப்பிவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றியே கொன்றிருப்போம்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் மட்டும் நான் பதில் சொல்லியிருப்பேனா?

சொல்ல நினைத்தது நிறைய. கண்டக்டரைக் கை காட்டி, "ஊசி" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அட, நம்ம தலையில நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோமா?"

"நாம இல்ல, உங்க தலையில" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "எனக்கு சர்க்கரை கட்டுக்குள்ளதான் இருக்கு."

செப்டம்பர் 19, வெள்ளி

டாக்டரம்மா அறைக்குச் சட்டையோடு போனேன். மூன்று பேரும் கூடவே வந்தார்கள், பேசுவதற்கு. உள்ளே போனதும் மூன்று பேரும் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்! கடைசியில் நான்தான். பாதி சொன்னேன், மீதியைச் சட்டை சொன்னது.

முதலில் அவர் சிரித்தார், கண்ணீர் வரும் வரை. பிறகு பெரிய டாக்டர் திங்கட்கிழமை வரப்போவது ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்தினார். பிறகு திட்டினார். எல்லாரையும், வயது வித்தியாசம் பார்க்காமல். இதுவரை எடுத்த கணக்கெல்லாம் குப்பைக்கு. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"நீ ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்று கேட்டார்.

கையில் இருந்த சட்டையை மடிக்க ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

புதுச் சட்டை, ஒற்றைத் துணி, பத்தொன்பது டிகிரி. உள்ளே வந்த நிமிடத்திலிருந்து ஒரே புலம்பல். டெய்லர் தன் கையில் எழுந்து நிற்கும் மயிரை எல்லாருக்கும் காட்டினார். டைப்பிஸ்ட் அம்மா கண்டக்டரைப் பார்த்து, "அதிசய உடம்பு எப்படி இருக்கு?" என்றார்.

"பேசாதீங்க. பல்லு தாளம் போட ஆரம்பிச்சா இந்தப் பொண்ணு வெளியே இழுத்துட்டுப் போயிடும்."

போட ஆரம்பித்தது. இழுத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் பார்த்தார். "சரியாத்தான் பண்ணியிருக்க" என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று யாரும் நடுங்கவில்லை. நிஜமாகவே.

செப்டம்பர் 30, செவ்வாய்

முடிவு வந்தது. கண்டக்டருக்குப் போன தடவையைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான். குளிரால் இறங்கியதா, பயத்தில் அவர் இனிப்பை விட்டதால் இறங்கியதா என்று ஒரு வாரத்தை வைத்துச் சொல்ல முடியாதாம்.

"அப்ப ஊசி இல்லதானே?" என்றார்.

"போன வாரங்களெல்லாம் வீணாப் போச்சே ஐயா. இனிமே காத்துட்டிருக்க முடியாது. குளிர் அறையும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும். நாளைக்கு ஆரம்பிச்சிடலாம்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "விடு பாப்பா" என்றார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

கண்டக்டர் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

சிஸ்டர் தட்டினார். டெய்லர் தட்டினார். "நூல்ல பாதி கூட இல்ல அந்த ஊசி. நான் தினமும் எத்தனை தடவை குத்திக்கிறேன்!" என்றார். "நீங்க துணியைக் குத்துவீங்கய்யா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. டைப்பிஸ்ட் அம்மா, "வெளியே வாங்க, எனக்கும் அவசரம்" என்றார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

நாற்காலியில் உட்கார வைத்தோம். சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். கண் மட்டும் சிஸ்டரின் கையை விட்டு நகரவில்லை. நெற்றியில் வியர்வை. முழங்கால்கள் ஆட ஆரம்பித்தன.

"அதைப் பாக்காதீங்க ஐயா" என்றார் சிஸ்டர். "யாராவது அவர்கிட்ட ஏதாவது பேசுங்களேன்!"

டெய்லர் டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்தார். அவர் டெய்லரைப் பார்த்தார்.

நான் போய்க் கண்டக்டரின் முகத்தை இரண்டு கைகளாலும் ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் பேச ஆரம்பித்தேன்.