சத்தமாகப் படித்தவர்களும் மனதுக்குள் படித்தவர்களும்

செவ்வாய்க்கிழமை, இரவு

அய்யா தூங்கிவிட்டார். இந்த நோட்டு அவர் கண்ணில் படக் கூடாது. சத்தம் போட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்று விடியற்காலையில் தெருவுக்கே கேட்கும்படி என்னைப் படிக்க வைப்பவர் அவர். அது தப்பு என்று காட்டத்தான் அறிவியல் கண்காட்சிக்கு இந்தச் சோதனையை எடுத்தேன்.

வகுப்பில் பையன்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் உட்காருவோம். பிரிப்பது சுலபம் என்று அவர்களைச் சத்தமாகவும் எங்களை மனதுக்குள்ளும் இருபது சொற்களைப் படிக்கச் சொன்னேன். பிறகு ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னதில் எங்களுக்கே அதிகம் ஞாபகம் இருந்தது. அறிவியல் சார் என் பெயரைக் கண்காட்சிக்கு ராமநாதபுரம் போகும் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

இன்று சாயல்குடி பஸ்ஸில் கூடப் படிக்கும் செல்வி சிரித்தாள். "ஏ புள்ள, அவனுக எங்க படிச்சானுக? கத்திக்கிட்டுல்ல கெடந்தானுக. பேப்பரத் திருத்துனதும் நீதான். எனக்குப் பாதி எழுதுன சொல்லுக்கே முழு மார்க்குப் போட்ருக்க."

அவள் சொன்னது சரிதான், நான் சோதனை செய்த விதமே தப்பு. நாளை சாரிடம் சொல்ல வேண்டும். பெயரை எடுத்துவிடுவாரோ?

ஆனால் கண்காட்சிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதி மடித்துவிட்டேன். குலுக்கி எடுத்தால் பையன்களும் நாங்களும் இரண்டு குழுவிலும் கலந்துவிடுவோம். விடைத்தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். "நான் திருத்துறேன். எது எந்தக் குழுன்னு எங்கிட்டச் சொல்லிராத" என்றாள் செல்வி.

மனதுக்குள் படிப்பதே ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசைதான். அதனால் நான் திருத்தாமல் இருப்பதே நல்லது. அய்யா சொன்னதுதான் சரி என்று வந்தால், சார்ட்டில் அதையே பெரிய எழுத்தில் எழுதுவேன்.