பின்னால் வந்த கார்

அன்புள்ள காக்கா,

உம்மா தூங்கியதும் போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். உங்களைக் கலங்கடிக்கும்படி எதுவும் எழுதக் கூடாதென்று உத்தரவு.

செங்கடலில் எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவலாகப் போன போர்க்கப்பலை நோக்கி ஏவுகணை வந்ததாம். செய்தியில் கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. நீங்களும் போர்க்கப்பலில் அங்கேதான் காவலுக்குப் போகிறீர்கள்.

உம்மா இங்கே பிளானோ டோல்வே நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பழகியபோது, பின்னால் உங்கள் பழைய காரில் விளக்குகள் மினுங்க மெதுவாக வந்தீர்கள். லாரிகளெல்லாம் உங்களைப் பார்த்துத்தான் ஹாரன் அடித்தன. "நமக்கில்லடி, திட்டெல்லாம் உன் காக்காவுக்குத்தான்" என்று உம்மா சிரித்தார்.

முன் காரில் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அதற்கு நன்றி. இன்று உங்களுக்கு முன்னால் போகும் கப்பல்காரர்கள் சார்பிலும் நானே சொல்லிவிடுகிறேன், நன்றி.

உங்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள், காக்கா?

முன் காரில் இருந்த
உங்கள் தங்கை