நெஞ்சுக்குச் சிங்களத்தில் என்ன

மாத்தளை
14.6.1963

அன்புள்ள ஸுபைதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் மாமியும் சுகமாயிருக்க துஆ கேட்கிறேன். நானும் சுகம். போன மாதம் அப்படி எழுதியது பொய். இப்போது எழுதுவது முக்கால்வாசி உண்மை.

பயப்படாமல் படி. கொஞ்ச நாளாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. கடையில் மிளகு நிறுக்கும்போதே அழுகை வரும், காரம் என்று சமாளித்தேன். இனி இருந்தென்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பயந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

போன இடத்தில் வெட்கம் பிடித்துக்கொண்டது. நெஞ்சுவலி என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். டாக்டர் சிங்களவர். என் சிங்களம்தான் உனக்குத் தெரியுமே. "ஹித ரிதெனவா" என்றேன். அவர் நெஞ்சில் வைக்க எடுத்த குழாயை மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, தமிழ் தெரிந்த கம்பவுண்டரைக் கூப்பிட்டார்.

"மனசுல என்ன நோவுன்னு கேக்குறாரு, ஜவாஹிர் நானா."

"நெஞ்சுதான் நோகுது."

"அதுக்கு 'பப்புவ'ன்னு சொல்லணும். நீங்க மனசு நோகுதுன்னுல்ல சொன்னீங்க."

அகப்பட்ட பிறகு மறைப்பானேன்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதுவும் வியாதிதான், மாறும் என்று மருந்து தந்தார். தனியாகப் படுக்கக் கூடாதாம், முதலாளி வீட்டில் படுக்கிறேன்.

மருந்து பசியைக் கிளப்புகிறது, கருவாடு வேண்டும். அனுப்பாதே, கொண்டு வா. டாக்டர் உன்னையும் பார்க்கணுமாம். பிள்ளைகளை மாமியிடம் விட்டு, தம்பியோடு வா. ஊரில் கேட்டால் மிளகு வாங்கப் போவதாகச் சொல். வேண்டாம், அவருக்கு மனசு சரியில்லை, பார்க்கப் போறேன் என்றே சொல்.

கடைக்கு எதிரே தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார்.

உன்
ஜவாஹிர்